புவாசா பலகையை எடுத்தது யார்?

பட்டர்வொர்த் மிஸ்ஸி | காலை 6:10

நேற்று 'பழைய டிரெஸ்ஸர்' இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை நடுங்குகிறது. (தெரியாதவர்களுக்கு: மிஸ்ஸி என்றால் நர்ஸ். டிரெஸ்ஸர் என்றால் டாக்டருக்கு உதவியாக இருக்கும் மருத்துவ உதவியாளர்.) பார்க்காதவர்களுக்காக அதை அப்படியே போடுகிறேன்: "டிரெஸ்ஸர் வார்டைக் கவனித்த காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆஸ்பத்திரிக் குழப்பத்தில் பாதிக்கு மேல் மிஸ்ஸிமார் செய்தது. 1984-இல் பினாங்கில் நான் இருந்த ஆண்கள் வார்டில், மறுநாள் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போக வேண்டிய 12-ஆம் கட்டில்காரருக்கு நைட் மிஸ்ஸி புவாசா பலகை மாட்டவில்லை. மனுஷன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டார். ஆபரேஷன் ரத்து."

அந்த நைட் மிஸ்ஸி நான்தான்.

புவாசா என்றால் மலாயில் நோன்பு. ஆபரேஷனுக்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்று கட்டிலில் மாட்டும் பலகை அது. பலகையை மாட்டினேன். என் இரண்டு கையாலும் மாட்டினேன். அதன் கயிறு அறுந்து கிடந்தது. பேண்டேஜ் துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டு, கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அது நோன்பு மாதம். விடியற்காலை நாலரை மணிக்குச் சமையல்கட்டிலிருந்து சஹூர் சாப்பாடு (நோன்பு தொடங்கும் முன் சாப்பிடுவது) தள்ளிக்கொண்டு வந்தவன் புதுப் பையன். பலகையில் 'புவாசா' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இந்த ஐயாவும் நோன்பு பிடிக்கிறார் என்று நினைத்து, ஒரு தட்டு சோறும் மீன் குழம்பும் வைத்துவிட்டுப் போய்விட்டான். ஐயா தோட்டத்து மனுஷர். ராத்திரி 12 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று நான் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். ஆனால் ஆஸ்பத்திரி ஆளே தட்டைக் கொண்டுவந்து வைத்தால், சட்டம் மாறிவிட்டது என்று நினைக்கத்தானே செய்வார்? நான் அப்போது வார்டுக் கோடியில் ஒருவருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பலகை இருந்ததால்தான் சோறே வந்தது. பலகை இல்லாத கட்டிலுக்கு சஹூர் தட்டு ஏன் வர வேண்டும்? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய டிரெஸ்ஸர் | காலை 7:25

வணக்கம் மிஸ்ஸி. நீங்கள்தான் என்று நேற்றே சந்தேகப்பட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அதே கோபம்.

பதில் சொல்கிறேன். சஹூர் தட்டும் இல்லை, மீன் குழம்பும் இல்லை. அவர் சாப்பிட்டது நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. அவர் வீட்டம்மா வாழை இலையில் கட்டிக்கொண்டு வந்தது. கட்டிலுக்கு அடியில் இலையை நான் பார்த்தேன். காலை ஷிப்டுக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது 12-ஆம் கட்டிலைத்தான். பலகை இல்லை. பலகை இருந்திருந்தால் அந்த அம்மா பொட்டலத்தைப் பிரித்திருக்க மாட்டார்.

நான் ஒருவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நடந்தது நடந்ததுதான்.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | காலை 7:31

காலை 7 மணிக்கு முன்னால் வார்டுக்குள் வீட்டம்மா எப்படி வந்தார்? பார்வையாளர் நேரமா அது? பலகை இருந்தது.

செந்தூல் டாக்டர் பொண்ணு | காலை 8:02

அக்கா, ஐயா, இருவருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூரில் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர். இப்போது நான்காவது போஸ்டிங்.

நீங்கள் இருவரும் பலகையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏன் சாப்பிடக் கூடாது என்பதை யாராவது அந்த ஐயாவுக்குப் புரியும்படி சொன்னார்களா? மயக்க மருந்து கொடுத்ததும் தொண்டையின் காவல் போய்விடும். வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இப்போதெல்லாம் ராத்திரி 12 மணிக்கே வாயைக் கட்டுவதில்லை. லேசான சாப்பாடு என்றால் 6 மணி நேரம், எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கனமான சாப்பாடு என்றால் 8 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். பால் சேர்க்காத கோப்பி ஓ கூடத் தண்ணீர்க் கணக்கில்தான் வரும். பால் ஊற்றினால் சாப்பாட்டுக் கணக்கு.

இதைச் சொல்லாமல் 'புவாசா' என்று ஒரே சொல்லைத் தொங்கவிட்டால் ஆளாளுக்கு ஒன்றைப் புரிந்துகொள்வார்கள். எங்கள் வார்டிலும் அந்தச் சொல்தான்.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | காலை 8:15

டாக்டர் தங்கச்சி, 6 மணி, 8 மணி எல்லாம் இப்போது வந்தது. அன்றைக்கு ராத்திரி 12 மணிதான் சட்டம். காரணத்தையும் நான் சொன்னேன், "மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சு அடைத்துவிடும் ஐயா" என்று தமிழிலேயே சொன்னேன். சொல்லாமல் விட்டேன் என்று நீங்களும் சேர்ந்து என் தலையில் வைக்க வேண்டாம்.

பழைய டிரெஸ்ஸர் | காலை 8:20

டாக்டர் சொல்வது சரி. நாசி லெமாக் என்றால் தேங்காய்ப்பால். 8 மணி நேரம். என் கணக்குக்கு அது பொருந்துகிறது.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | காலை 8:22

சோறும் மீன் குழம்பும்!

ஜெலுத்தோங்காரன் | காலை 9:40

என் அப்பா அதே காலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். "நாளைக்கு சிஸ்டர் வந்து பார்ப்பாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். சுங்கை பட்டாணியிலிருந்து தன் தங்கச்சி வருகிறாள் என்று நினைத்து, மனுஷன் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கிறார். காலையில் வந்தது வெள்ளை உடுப்புப் போட்ட சீன அம்மா. தங்கச்சி எங்கே என்று கேட்டு அழுதுவிட்டார். இப்படி நடக்கும் இடம் அது. யார் மேலும் தப்பு இல்லை, விட்டுவிடுங்கள்.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | காலை 9:47

விட்டுவிடுங்கள் என்று சொல்வது சுலபம் தம்பி. நீங்கள் 32 வருஷம் ராத்திரி 9 மணிக்குப் போய்க் காலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்தவர் இல்லை. மூன்று ஷிப்டு, முப்பது கட்டில், இரண்டு மிஸ்ஸி. காலையில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வந்து "ஏன் பலகை இல்லை?" என்று கேட்டதும், நான் அந்தப் பெரிய டாக்டர் முன்னால் தலை குனிந்து நின்றேன். அப்போது பக்கத்தில் நின்ற டிரெஸ்ஸர் வாயைத் திறந்து "நைட் ஷிப்டில் மறந்திருப்பார்கள் டாக்டர்" என்றார். அந்த ஒரு வரி. என் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் அழுதுகொண்டே கடல் தாண்டப் பெர்ரி ஏறினேன்.

தமிழ் வாத்தியார் | காலை 10:30

ஒரு சிறு திருத்தம். மிஸ்ஸி, டிரெஸ்ஸர் என்றெல்லாம் எழுதுகிறீர்களே, தமிழில் சொல் இல்லையா? 'செவிலியர்' என்று எழுதலாம். அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தவள் செவிலித்தாய். பெருமையான சொல். மலாய் மக்கள் பேச்சில் 'மிஸி' இருப்பதால் நாமும் அதையே பிடித்துக்கொண்டோம். அவர்களும்கூட அதிகாரபூர்வமாக 'ஜூருராவாட்' என்றுதான் எழுதுகிறார்கள்.

பழைய டிரெஸ்ஸர் | காலை 10:44

வாத்தியார் ஐயா, நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'தாதி' என்றுதான் போடுகிறார்கள். செவிலியர் என்பது தமிழ்நாட்டுச் சொல். அங்கே இருந்து இறக்கிவிட வேண்டாம்.

தமிழ் வாத்தியார் | காலை 10:52

தாதி என்றால் பழைய தமிழில் பணிப்பெண் என்றும் பொருள். உங்களோடு வேலை செய்தவர்களை அப்படிக் கூப்பிடுவதில் உங்களுக்குச் சந்தோஷம் போலிருக்கிறது.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | காலை 11:05

தாதியும் வேண்டாம், செவிலியும் வேண்டாம். என் வார்டில் கிடந்தவர்கள் எல்லாரும் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிட்டார்கள். சாகக் கிடந்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் எனக்குப் போதும்.

பணிப்பெண் என்ற பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். தாதியர் சட்டம் இந்த நாட்டில் 1950-இலேயே வந்தது. டிரெஸ்ஸர்மார் பதிவுக்கான மருத்துவ உதவியாளர் சட்டம் 1977-இல்தான். 27 வருஷம் எங்களுக்குப் பின்னால் பதிவானவர்கள், வார்டை நாங்கள் கெடுத்தோம் என்று எழுதுகிறார்கள்.

பழைய டிரெஸ்ஸர் | காலை 11:40

சட்டம் பேசுகிறீர்களா மிஸ்ஸி? சரி, பேசுவோம். தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களுக்கு 1965-இலேயே தனிச் சட்டம் வந்தது. அது உங்களுக்கு ஞாபகம் வராது. என் அப்பா தோட்டத்து டிரெஸ்ஸர். டாக்டர் எப்போதாவது ஒரு நாள் காடியில் (காரில்) வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் தொழிலாளர் லயத்தில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பிரசவ வலி, யாரைப் பாம்பு கடித்தது, எல்லாம் அப்பாதான். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் லாந்தரை எடுத்துக்கொண்டு கித்தா (ரப்பர்) மரத்துக்கு நடுவே நடப்பார். அப்படிப்பட்ட டிரெஸ்ஸரின் மகன் நான். கட்டிலில் பலகை இருந்ததா இல்லையா என்று பார்க்கத் தெரியாதவன் இல்லை.

இந்த 'டிரெஸ்ஸர்' என்ற பெயரையே சிலர் கேலி செய்கிறார்கள், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன் என்று. பிறகு எச்.ஏ. (ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட்) என்றார்கள், மருத்துவ உதவியாளர் என்றார்கள், இப்போது உதவி மருத்துவ அதிகாரி. பெயர் எத்தனை மாறினாலும் ஜனங்கள் "டிரெஸ்ஸர் ஐயா" என்றுதான் கும்பிட்டார்கள்.

பலகை இல்லை.

செந்தூல் டாக்டர் பொண்ணு | பகல் 12:15

பெயர்ச் சண்டை இன்னும் முடியவில்லை ஐயா. போன வாரம்கூட ஒரு பாட்டி என்னைப் பார்த்து "மிஸ்ஸி, டாக்டரைக் கூப்பிடும்மா" என்றார். என் பக்கத்தில் நின்ற ஆண் தாதியிடம் "டாக்டர், எனக்கு எப்போ வீடு?" என்று கேட்டார். அவரும் திருத்தவில்லை! "நாளைக்கு டிஸ்சார்ஜ் பாட்டி" என்று சொல்லிவிட்டார். பாட்டியின் ஈ.சி.ஜி. சரியில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கே பேரன் துணிப்பையோடு வந்து நின்று, வீட்டுக்கு அனுப்பவில்லை என்று என்னைத்தான் திட்டினான். ஆறு வருஷம் படித்துவிட்டு இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | பகல் 12:21

பார்த்தீர்களா, அங்கேயும் தப்புச் செய்தது ஆண்தான்.

ஜெலுத்தோங்காரன் | பகல் 12:25

அக்கா, அவர் ஆண் தாதி. உங்கள் கட்சி.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | பகல் 12:26

பலகையைப் பற்றிப் பேசுவோம்.

டிரெஸ்ஸர் அவர்களே, நீங்கள் அன்று காலை எத்தனை மணிக்கு வார்டுக்கு வந்தீர்கள்? 7 மணிக்குப் பாஸ் ஓவர். நான் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி ஒப்படைத்தபோது நீங்கள் அங்கே இல்லை. இன்னொரு மிஸ்ஸியிடம்தான் ஒப்படைத்தேன். அதை எழுதுங்கள்.

பழைய டிரெஸ்ஸர் | பகல் 1:10

ஒப்புக்கொள்கிறேன், பத்து நிமிஷம் தாமதம். நான் அப்போது கடலுக்கு அக்கரையில், பிறை ஊரில் குடியிருந்தேன். பாலத்தில் நெரிசல், மோட்டார் சைக்கிள்கூட நகரவில்லை. 7:10-க்கு வார்டில் இருந்தேன். பலகை இல்லை.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | பகல் 1:14

எல்லாரும் இதைப் படியுங்கள். பினாங்குப் பாலம் திறந்தது 1985-இல். இவர் 1984-இல் பாலத்தில் நெரிசலில் நின்றாராம். இல்லாத பாலத்தில் வந்தவருக்கு இருந்த பலகை எப்படிக் கண்ணில் படும்?

அப்போது நாம் எல்லாரும் பெர்ரியில்தான் வந்தோம். காலைப் பெர்ரியில் மேல் தட்டில் நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டு நிற்பதை நானே எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்.

ஜெலுத்தோங்காரன் | பகல் 1:16

ஐயா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய டிரெஸ்ஸர் | பகல் 2:30

வருஷத்தை நான் தப்பாக எழுதியிருக்கலாம். 1986 ஆக இருக்கலாம். வருஷம் முக்கியம் இல்லை. பலகைதான் முக்கியம்.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | பகல் 2:38

1986-இல் நான் பிரசவ வார்டுக்கு மாறிவிட்டேன். அங்கே யாருக்கும் குடலிறக்கம் பார்க்கவில்லை. 1984 ஜூன். அந்த வருஷம் நோன்பு மாதம் முழுக்க ஜூனில் வந்தது. பாலிக் பூலாவ் டுரியான் இறங்கும் காலமும் அதுதான். பேன்ட்ரியில் யாரோ டுரியானைக் காகிதத்தில் சுற்றி ஒளித்து வைத்து, வார்டெல்லாம் நாறி, மேட்ரன் (தலைமை நர்ஸ்) வந்து கத்திவிட்டுப் போனார். அதற்கு மறுநாள்தான் இது. என் கல்யாணம் ஜூலையில். நான் வருஷத்தை மறப்பேனா?

ஆயர் ஈத்தாம் அண்ணன் | மாலை 4:05

அந்த டுரியான் என்னுடையது.

நான் அந்த வார்டில் அட்டெண்டனாக இருந்தவன். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருமே தப்பாகச் சொல்கிறீர்கள்.

பலகை இருந்தது. ஆனால் 11-ஆம் கட்டிலில். முதல் நாள் சாயந்தரம் பெரிய மழை. 12-ஆம் கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகியது. நான்தான் ஐயாவை 11-க்கும், 11-இல் இருந்த மலாய்க்காரப் பெரியவரை வராந்தாப் பக்கமும் மாற்றினேன். ராத்திரி மழை விட்டதும் ஐயா தானாகவே எழுந்து தன் பழைய கட்டிலுக்குப் போய்ப் படுத்துவிட்டார், அங்கேதான் காற்று வருகிறது என்று. பலகை 11-இலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மிஸ்ஸி கட்டியது உண்மை. டிரெஸ்ஸர் 12-இல் பார்க்காததும் உண்மை.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | மாலை 4:12

அண்ணே, இத்தனை வருஷமாக இதை ஏன் சொல்லவில்லை? சரி, ஒரு கேள்வி. பலகை காலியான 11-இல் தொங்கினால் சஹூர் தட்டு 12-க்கு எப்படிப் போனது? அதனால் நீங்கள் சொல்வது சரியில்லை. பலகை 12-இல்தான் இருந்தது. விடிந்த பிறகு யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தது யார் என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

பழைய டிரெஸ்ஸர் | மாலை 4:20

அண்ணன் சொன்னதைப் பாருங்கள்: 12-இல் பலகை இல்லை. நான் காலையிலிருந்து இதைத்தான் சொல்கிறேன்.

ஆயர் ஈத்தாம் அண்ணன் | மாலை 4:31

தட்டை 11-இல்தான் வைத்தான். ஐயா கை நீட்டி எடுத்துக்கொண்டார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு சின்ன மேசைதானே.

பழைய டிரெஸ்ஸர் | மாலை 4:36

அது நாசி லெமாக். இலையை நான் பார்த்தேன்.

ஆயர் ஈத்தாம் அண்ணன் | மாலை 4:40

அந்த இலையும் என்னுடையதுதான். டுரியானை மேட்ரன் தூக்கிப் போட்ட பிறகு நான் வேறென்ன பசியாறுவது?

செந்தூல் டாக்டர் பொண்ணு | மாலை 5:15

இதைத்தான் நான் காலையில் சொன்னேன். 'புவாசா' என்று மட்டும் எழுதாமல், பெயர், ஆபரேஷன் நேரம், எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது என்பதையும் எழுதியிருந்தால்...

பட்டர்வொர்த் மிஸ்ஸி | மாலை 5:18

எழுதியிருந்தேன் தங்கச்சி. நீல பேனாவால் கட்டில் நம்பரும் எழுதியிருந்தேன். 12.

பழைய டிரெஸ்ஸர் | மாலை 5:25

இப்போதுதான் நம்பர் வருகிறது. காலையில் முடிச்சு மட்டும்தான் இருந்தது.

தமிழ் வாத்தியார் | மாலை 6:00

'பலகை' என்கிறீர்கள், அது மரமா அட்டையா? அட்டை என்றால் 'அட்டை' என்றே எழுதுங்கள். செவிலியர் பற்றி நான் கேட்டதற்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | இரவு 8:10

வாத்தியார், தயவுசெய்து நகருங்கள். அது மரம். ஒரு மூலை உடைந்திருக்கும்.

டிரெஸ்ஸர் அவர்களே, கடைசியாகக் கேட்கிறேன். அண்ணன் சொல்வதே நடந்தது என்று வைத்துக்கொண்டாலும், பலகை அடுத்த கட்டிலில் இரண்டு முழத் தூரத்தில் தொங்கியது. உங்கள் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டுதான் பெரிய டாக்டரிடம் "நைட் ஷிப்டில் மறந்திருப்பார்கள்" என்று சொன்னீர்களா? மேட்ரன் என் பெயரை எழுதிக்கொண்டு போனார். பதில் கடிதம் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் போட்ட லீவில் நாலு நாளை வெட்டினார்கள். தாலி கட்டி மூன்றாம் நாள் மஞ்சள் கயிறோடு நைட் ஷிப்டுக்கு வந்தேன். அன்றைக்கு வார்டில் நீங்கள் என்னைப் பார்த்து "கல்யாணச் சாப்பாடு எங்கே மிஸ்ஸி?" என்று கேட்டீர்கள்.

பழைய டிரெஸ்ஸர் | இரவு 8:55

லீவு வெட்டியது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் வீட்டிலிருந்து வார்டில் எல்லாருக்கும் கல்யாணப் பத்திரிகை வந்தது. எனக்கு வரவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | இரவு 8:58

என்னைக் காட்டிக்கொடுத்தவருக்குப் பத்திரிகை எதற்கு?

பழைய டிரெஸ்ஸர் | இரவு 9:03

பத்திரிகை கொடுத்தது அந்த ஜூன் மாதம் முதல் வாரம். பலகைக்கு முன்னால். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆயர் ஈத்தாம் அண்ணன் | இரவு 9:10

பத்திரிகையை வார்டில் கொடுக்கச் சொல்லி மிஸ்ஸி என்னிடம்தான் தந்தார். டிரெஸ்ஸருக்கு உண்டானதும் அதில் இருந்தது. அவர் அன்றைக்கு ஓ.டி. என்றார்கள். நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் அவசரப் பிரிவில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று. பத்திரிகையை அவர் லாக்கர் கதவில் செருகிவிட்டுப் போனேன்.

பழைய டிரெஸ்ஸர் | இரவு 9:14

எந்த லாக்கர்?

ஆயர் ஈத்தாம் அண்ணன் | இரவு 9:15

ஜன்னல் ஓரம்.

பழைய டிரெஸ்ஸர் | இரவு 9:16

என் லாக்கர் கதவோரம் அண்ணே.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | இரவு 9:30

லாக்கர் எங்கே இருந்தால் என்ன. வருகிற ஞாயிறு புக்கிட் மெர்தாஜாமில் மேட்ரனுடைய பேத்தி கல்யாணம். உங்களுக்கும் பத்திரிகை வந்திருக்கும், இந்தத் தடவை தபாலில். வாருங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேட்ரன் முன்னாலேயே கேட்டுவிடுவோம், அந்த ரிப்போர்ட் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்று.

பழைய டிரெஸ்ஸர் | இரவு 9:41

வருகிறேன். மேட்ரனுக்கு ஞாபகம் இருக்கும். பலகை 12-இல் இல்லை.

பட்டர்வொர்த் மிஸ்ஸி | இரவு 9:42

பாலத்தில் நெரிசல் என்று மட்டும் சொல்லாதீர்கள். பலகை இருந்தது.